லோபிசர் மரச்செதுக்கு அச்சு: அசலா, நகலா? விளக்க அட்டையில் அரசியலை எப்படி எழுதுவது?

மசித்தடம் கேட்டது:

ஆஸ்திரிய மரச்செதுக்கு அச்சுகள் பற்றிய ஒரு சிறு காட்சிக்கு விளக்க அட்டைகள் தயாராகின்றன. அதில் ஸ்விட்பெர்ட் லோபிசரின் தாள் ஒன்று இருக்கிறது. உழவர் குடும்பம், கறுப்பு மை, கீழே பென்சில் கையொப்பம். படத்தின் அடியில் எழுத்து வரி எதுவும் இல்லை, கீழ் ஓரம் மட்டும் மற்ற மூன்று ஓரங்களைவிடக் குறுகலாக இருக்கிறது.

கையில் உள்ள தகவல் இவ்வளவுதான்: பிறப்பு 1878, ஆஸ்திரியாவின் தெற்கு மாகாணமான கரிந்தியாவின் டிஃபன் ஊர். இயற்பெயர் லேயோ. லாவன்ட்டால் பள்ளத்தாக்கின் சங்க்ட் பவுல் மடத்தில் பெனடிக்டின் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவி. வியன்னா நுண்கலை அக்கடமியில் படிப்பு. 1930களின் தொடக்கத்தில் மடத்தை விட்டு வெளியேறியவர். 1938இல் கிளாகன்ஃபுர்ட் லாண்ட்ஹவுஸில், அதாவது மாகாண சட்டமன்றக் கட்டடத்தில், நாஜி ஜெர்மனியுடனான ஆஸ்திரியாவின் இணைப்பைப் போற்றும் ஃப்ரெஸ்கோ (ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் தீட்டும் சுவரோவியம்) வரைந்தார். 1943இல் மறைவு.

மூன்று கேள்விகள்.

1. மரப்பலகையிலிருந்து நேரே எடுத்த அச்சா, பிற்கால நகலா என்று எப்படிப் பார்ப்பது?
2. ஃப்ரெஸ்கோ என்பது ஒரு ஓவியரைக் கட்டாயப்படுத்தி அவசரமாக வரைய வைக்கக்கூடிய ஒன்றா? "பாவம், சொன்னதைச் செய்தார்" என்று சிலர் எழுதுவதைப் பார்த்ததால் கேட்கிறேன்.
3. உழவரும் தாயும் குழந்தையும் உள்ள ஒரு சாதுவான படத்துக்கு அரசியல் அடிக்குறிப்பு தேவையா? தேவையென்றால் எவ்வளவு?

---

பிளாக்மேக்கர் பதில்:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சாய்வாகப் பிடிக்க ஒரு டார்ச், புற ஊதா விளக்கு. இந்த மூன்றும் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது.

லென்ஸில் முதலில் சாம்பல் நிறப் பகுதிகளைப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன் நகல், அத்தோடு கதை முடிந்தது. மரச்செதுக்கில் சாம்பல் நிறமே கிடையாது. கறுப்பு உண்டு, தாளின் வெள்ளை உண்டு. நடுத்தர நிழல் எல்லாம் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் வருவது.

அடுத்து ஒரு கோட்டின் விளிம்பு. பலகையின் மேடான பகுதியில் மை தடவித் தாளை அழுத்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்கும். அதனால் கோட்டின் நடுவைவிட விளிம்பு கொஞ்சம் கறுத்து, ஒரு கரை கட்டினாற்போல் இருக்கும். ஆஃப்செட்டில் இது வராது, மை ஒரே சீராகப் படிந்திருக்கும். தாளைத் திருப்பி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரடி அச்சென்றால் பின்பக்கம் கோடுகள் புடைத்துத் தெரியலாம். ஆனால் மெல்லிய ஜப்பான் தாளைப் பின்பக்கம் கரண்டியாலோ எலும்பாலோ தேய்த்து எடுத்திருந்தால் புடைப்புக்குப் பதில் தேய்த்த மினுமினுப்புதான் இருக்கும். புடைப்பு இல்லை என்று உடனே நகல் முத்திரை குத்தாதீர்கள்.

பலர் ஏமாறுவது இந்த இரண்டிலும் இல்லை, துத்தநாக பிளாக்கில்தான். நம் ஊர்ப் பழைய பத்திரிகைகளுக்குப் படம் போட்ட அதே முறைதான்: அசல் அச்சைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, கட்டையில் ஆணியடித்து அச்சிடுவது. இதுவும் மேடான பரப்பில் மை ஏற்றும் முறை என்பதால் மை பிதுங்கும், பின்பக்கம் புடைக்கும். லென்ஸில் அசல் போலவே நிற்கும். வேறுபாடு பெரிய கறுப்புப் பரப்பில். பலகையின் நீளவாக்கில் செதுக்கிய அச்சில், கெட்டிக் கறுப்புக்குள் மரத்தின் ரேகை மெல்லிசாக ஓடுவதை அடிக்கடி பார்க்கலாம். துத்தநாகத்தில் அது அசலிலிருந்து போட்டோவில் விழுந்திருந்தால்தான் உண்டு, அப்போதும் ரேகை திட்டுத்திட்டாகச் சிதறியிருக்கும். கத்தி இழுத்த கோட்டின் முனை கூர்ந்து முடியும். அமிலம் தின்ற முனை மழுங்கி உருண்டிருக்கும். பேரி மரம் போன்ற இறுக்கமான மரத்தில் ரேகை அவ்வளவாகத் தெரியாது என்பதால், முனைகளைத்தான் அதிகம் நம்பலாம்.

புற ஊதா விளக்கில் தாள் நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் அதில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. அது தாள் தயாரிப்பில் புழக்கத்துக்கு வந்தது 1950ஐ ஒட்டித்தான். லோபிசர் இறந்தது 1943. ஆக, தாள் பளிச்சிட்டால் அவர் கையொப்பம் அதில் இருக்க வழியே இல்லை. பளிச்சிடவில்லை என்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது, பழைய தாளில் அடித்த நகலும் உண்டு.

கையொப்பம்: பென்சில் கரி டார்ச் வெளிச்சத்தில் மினுங்கும், தாளின் நாரில் லேசாகக் குழிந்திருக்கும். அச்சிட்ட கையொப்பம் மங்கலாக, தட்டையாக இருக்கும்.

கடைசியில் ஒரு வகை மிச்சம்: பலகை அசல், அச்சிட்டது பிற்பாடு. விரிசல் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடாக ஓடும், பூச்சி துளைத்த இடம் வட்டமான வெள்ளைப் புள்ளியாக விழும், மெல்லிய கோடுகள் தேய்ந்து உடைந்திருக்கும். இதை "நகல்" என்று எழுதக்கூடாது, "பிற்கால அச்சு" என்று எழுதுங்கள்.

ஏலப் பட்டியல்களில் தேடும்போது பெயரை இரண்டு விதமாக அடியுங்கள், இரண்டாம் எழுத்து டபிள்யூ என்று ஒரு தடவை, யூ என்று ஒரு தடவை. இரண்டு எழுத்துக்கூட்டலும் புழங்குவதால் ஒன்றை மட்டும் தேடினால் நிறைய விட்டுப்போகும்.

அந்தக் குறுகலான கீழ் ஓரம் எனக்கு உறுத்துகிறது. மரச்செதுக்கில் படத்தின் அடியில் வாசகத்தையும் சேர்த்துச் செதுக்குவது வழக்கம். ஓரத்தில் வெட்டுத் தடம் புதிதாக இருக்கிறதா பாருங்கள்.

---

காரைக்கரணை பதில்:

இரண்டாவது கேள்வி. ஃப்ரெஸ்கோ அவசரத்துக்கு உதவாத தொழில். எப்படி நடக்கிறது என்று பார்த்தாலே விடை வந்துவிடும்.

நீற்றிய சுண்ணாம்பை விழுதாகக் குழியில் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். சரியாக நீறாத பருக்கு ஒன்று பூச்சில் இருந்தால் பிற்பாடு அது ஊதி வெடித்துக் குழி விழும். சுவரில் முதல் பூச்சு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, சுமார் 1 செ.மீ. கனம், சொரசொரப்பாக விட வேண்டும். கடைசிப் பூச்சு ஒன்றுக்கு இரண்டு அல்லது ஒன்றுக்கு ஒன்றரை, 3 முதல் 5 மி.மீ. இந்தக் கடைசிப் பூச்சை அன்றைக்கு வரையக்கூடிய அளவுக்கு மட்டும் கரணையால் இழுப்பார்கள். பூச்சு ஈரமாக இருக்கும் ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் வண்ணம் போய்ச் சேர வேண்டும். அதற்குமேல் மேற்பரப்பில் தோல் கட்டிவிடும், வண்ணம் உள்ளே போகாது, காய்ந்ததும் தொட்டால் கையோடு வரும். அன்றைக்கு முடியாததை வெட்டி எறிந்துவிட்டு மறுநாள் புதிதாகப் பூச வேண்டும்.

இதற்கும் முன்னால் சிறு வரைவு, அதற்கு ஒப்புதல், பிறகு சுவரின் முழு அளவில் தாளில் வரைபடம், அதைச் சுவருக்கு மாற்ற ஓட்டை குத்துவது அல்லது ஆணியால் கீறுவது. சாரம் கட்டுபவர், பூச்சு வேலைக்காரர் எல்லாரும் வேண்டும். சட்டமன்றக் கட்டடத்துச் சுவர் என்றால் அனுமதியும் காசும் எங்கிருந்து வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக "ஒரு கணத்தின் சபலம்" என்ற பேச்சு இந்த ஊடகத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நாள் காலையும் புதிதாகப் பூசி, அன்றைய தலையையோ கையையோ வரைய உட்கார வேண்டும். கட்டாயம் இருந்ததா இல்லையா என்பதை ஆவணத்தில் தேடுங்கள். அவசரம் இல்லை என்பதைச் சுவரே சொல்லும். சாய்வு வெளிச்சத்தில் பார்த்தால் நாள்பூச்சுகளின் இணைப்பு வரிகள் தெரியும், எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து வேலை நடந்த வரிசையையும் குறைந்தபட்ச நாள் எண்ணிக்கையையும் சொல்லிவிடலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், உங்கள் மூன்றாம் கேள்விக்கு இது உதவும். இப்படிப்பட்ட அரசியல் சுவரோவியங்களை ஆட்சி மாறியதும் வெள்ளையடித்து மறைப்பதும், ஒரு தலைமுறை கழித்து மறுபடி திறப்பதும் ஐரோப்பா முழுக்க நடந்திருக்கிறது. திறக்கும்போதுதான் சிக்கல்.

காய்ந்த ஃப்ரெஸ்கோவின் மேற்பரப்பு கால்சியம் கார்பனேட். மேலே அடித்த சுண்ணாம்பு வெள்ளையும் காய்ந்தால் கால்சியம் கார்பனேட். வேதியியலுக்கு இரண்டும் ஒன்றேதான். அமிலம் வைத்தால் வெள்ளையோடு ஓவியமும் நுரைத்துப் போகும். அதனால் கையால்தான் எடுக்க வேண்டும்:

முதலில் சாய்வு வெளிச்சத்தில் முழுச் சுவரையும் படமெடுப்பது. பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்துப் பொள்ளல் உள்ள இடங்களைக் குறித்து, அங்கே சுண்ணாம்பு அடிப்படையிலான கலவையை ஊசியால் செலுத்தி ஒட்டவைப்பது. இதைச் செய்யாமல் சுரண்ட ஆரம்பித்தால் வெள்ளையோடு பூச்சே பெயர்ந்து வரும். அடுத்து 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சன்னல்கள், படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு அடுக்காக நிறுத்தி, எத்தனை வெள்ளை, எந்த வகைப் பெயின்ட் என்று பதிவது. அதன் பிறகே ஸ்கால்பெல். மேல் அடுக்குகளில் ஏதாவது ஒன்று பிளாஸ்டிக் எமல்ஷன் என்றால் வேறு தொல்லை. அது மூச்சுவிடாது, ஈரம் அதன் பின்னால் தேங்கி, உப்பு ஓவியத்தின் முகத்திலேயே பூத்துத் தள்ளியிருக்கும். ஜிப்சம் வைத்து ஒட்டுப்போட்ட சுவரில் சல்பேட் உப்பு நிச்சயம் வரும். காகிதக் கூழைத் தூய நீரில் நனைத்துப் பற்றுப் போட்டு உப்பை இழுக்க வேண்டும், ஒரு தடவையில் தீராது.

இப்போது முக்கியமான இடம். ஈரத்தில் வரைந்தது பூச்சோடு ஒன்றாகிவிட்டதால் சுரண்டலைத் தாங்கும். காய்ந்த பிறகு பசை கலந்து மேலே தீட்டியது, அதாவது செக்கோ, தாங்காது. வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எதையெல்லாம் ஓவியர்கள் செக்கோவில் தீட்டுவார்கள்? மெல்லிய எழுத்து, சின்னம், பட்டை, பொத்தான், முகத்தின் கடைசித் திருத்தம், சுண்ணாம்பைத் தாங்காத பளிச் நிறங்கள். காவிச் சிவப்பு ஃப்ரெஸ்கோவில் சுலபம், கொடியின் ரத்தச் சிவப்பு கஷ்டம். பிரஷ்யன் நீலத்தைச் சுண்ணாம்பு பழுப்பாக்கிவிடும்.

விளைவு என்ன? அக்கறையில்லாமல் திறந்தால் மாடும் உழவனும் தாயும் மலையும் பத்திரமாக மிஞ்சும், சின்னமும் வாசகமும் போய்விடும். பார்ப்பவர், அடடா, ஊர்த் திருவிழாப் படமாச்சே என்பார். யாரும் தணிக்கை செய்திருக்க மாட்டார்கள், ஸ்கால்பெல் செய்திருக்கும். அதனால் அரசியல் ஓவியத்தைத் திறக்கும்போது சன்னல் திறப்பை உருவத்தின் முகத்தில் வைக்காமல், எழுத்தும் சின்னமும் இருக்கக்கூடிய இடத்தில் வைத்துச் சோதிப்பதுதான் சரி. வெட்டிய வெள்ளைச் சில்லுகளையும் கொட்டாமல் எண் போட்டு வைக்க வேண்டும். வண்ணம் அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கலாம்.

---

எல்லைக்கோடு பதில்:

முந்தைய இரண்டும் நன்றாக வந்திருப்பதால் நான் பின்னணிக்கு மட்டும் வருகிறேன். கரிந்தியா விஷயம் தெரியாமல் லோபிசரை வாசிக்க முடியாது, ஏனென்றால் அவருடைய அரசியல் 1938இல் வானத்திலிருந்து குதித்ததில்லை.

முதல் உலகப்போர் முடிந்ததும் தெற்குக் கரிந்தியாவை, செர்பிய குரோஷிய ஸ்லோவேனிய அரசு உரிமை கோரியது. 1918–19இல் எல்லைச் சண்டை. பிறகு 10 அக்டோபர் 1920 அன்று, வாக்கெடுப்புக்காகப் பிரித்த இரண்டில் தெற்கே இருந்த முதல் மண்டலத்தில் பொது வாக்கெடுப்பு. ஆஸ்திரியாவுக்குப் பச்சைச் சீட்டு, மறுபக்கத்துக்கு வெள்ளைச் சீட்டு. ஆஸ்திரியாவுக்கு 22,025, அதாவது 59.04 சதவீதம். எதிர்ப்பக்கம் 15,279. இப்போது இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்: 1910 கணக்கெடுப்பின்படி அந்த மண்டலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஸ்லோவேனிய மொழி பேசுபவர்கள். அப்படியானால் ஸ்லோவேனியர்களில் கணிசமானோர் ஆஸ்திரியாவுக்கே வாக்களித்திருக்கிறார்கள். அவர்கள் வாக்கில்லாமல் 59 வந்திருக்காது.

ஆனால் பிற்பாடு இந்த வெற்றியைப் பாடியவர்களும் வரைந்தவர்களும் அதை ஜெர்மன் மண்ணின் வெற்றியாக்கினார்கள். லோபிசர் 1920களின் இறுதியில் லாண்ட்ஹவுஸில் வாக்கெடுப்பைப் பற்றிச் சுவரோவியம் வரைந்தார். அதே கட்டடத்தில் 1938இல் இணைப்பைப் பற்றி. நாஜிக் கட்சியும் இதைத்தான் விரும்பியது: 1920ஐ முதல் அத்தியாயமாகவும் 1938ஐ முடிவாகவும் காட்டுவது. 12 மார்ச் 1938 ஜெர்மன் படை நுழைகிறது, 13ஆம் தேதி இணைப்புச் சட்டம், 10 ஏப்ரல் வாக்கெடுப்பு. அந்தச் சீட்டில் "ஆம்" வட்டம் பெரிது, "இல்லை" வட்டம் சிறிது, அதிகாரபூர்வ முடிவு 99.7 சதவீதம். 1920இன் சீட்டோடு இதை ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஒரே ஓவியர் இரண்டையும் ஒரே கட்டடத்தில் ஒரே பாணியில் போற்றியிருக்கிறார்.

அதே 1938இல் அதே லாண்ட்ஹவுஸில் இன்னொன்றும் நடந்தது. ஆன்டன் கோலிக் தன் மாணவர்களோடு 1929–30இல் வரைந்த ஃப்ரெஸ்கோக்கள் அழிக்கப்பட்டன. கோலிக்கும் கரிந்தியாவின் நோட்ச் வட்டம் என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்தவர்தான். அவருடைய நவீன உருவங்களை ஆளவந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருவருக்குச் சுவர் கிடைத்தது, ஒருவருக்குச் சுவர் போயிற்று. இதைச் சொல்லும்போது கோலிக்கைத் தியாகியாக்கிவிட வேண்டாம். அவர் 1943 வரை ஸ்டட்கார்ட் அக்கடமியில் பேராசிரியராகவே இருந்தார். அழிந்த அறையை 1998இல் புதிதாக அமைக்க அவர் குடும்பத்தின் அடுத்தடுத்த தலைமுறையைச் சேர்ந்த கார்னேலியுஸ் கோலிக்கிடம் கொடுத்தபோது கரிந்தியாவில் எழுந்த கூச்சல், சுவர்ச் சண்டை 1938ஓடு முடியவில்லை என்று காட்டியது.

பின்விளைவு: ஏப்ரல் 1942 நடுவில், கரிந்திய ஸ்லோவேனியர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர் பண்ணைகளிலிருந்து பிடுங்கப்பட்டு ஜெர்மனியின் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உழவர் குடும்பங்கள். உங்கள் படத்திலும் உழவர் குடும்பம். எந்த உழவர் படத்துக்குள் இருக்கலாம், எந்த உழவர் வீட்டை விட்டே போக வேண்டும் என்பதுதான் அன்றைய அரசியல்.

இன்னொரு முரணும் உண்டு. அவர் இளமையைக் கழித்த சங்க்ட் பவுல் மடம் 1091இல் நிறுவப்பட்டது. 1940இல் நாஜி ஆட்சி அதை மூடிப் பறித்துக்கொண்டது.

சரிபார்க்க வேண்டிய இடங்கள். கட்சி உறுப்பினர் அட்டைகள் பெர்லினில் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில், "ஆர் 9361" என்று தொடங்கும் வரிசையில் இருக்கின்றன. ஆஸ்திரிய ஆவணங்களுக்கு வியன்னா அரசு ஆவணக் காப்பகம், கிளாகன்ஃபுர்ட்டில் கரிந்திய மாகாண ஆவணக் காப்பகம். உறுப்பினர் அட்டையை வாசிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது: ஆஸ்திரியர்கள் பலருக்கும் கட்சியில் சேர்ந்த தேதி 1 மே 1938 என்றே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இணைப்புக்குப் பிறகு சந்தர்ப்பவாதமாகச் சேர்ந்தார்" என்று எழுதாதீர்கள். 61,00,001 முதல் 66,00,000 வரையான எண்கள், 1933 ஜூனில் ஆஸ்திரியாவில் கட்சி தடைசெய்யப்பட்ட பிறகும் ரகசியமாக உழைத்த ஆஸ்திரியர்களுக்கென்று ஒதுக்கியவை. தேதியைவிட எண்தான் பேசும். அந்த எண்ணும் முழுச் சான்று ஆகாது. பழைய உழைப்பைக் கூட்டிச் சொல்லி அந்த வரிசையில் இடம் பிடித்தவர்களும் உண்டு. லோபிசரின் அட்டையைப் பார்க்காமல் அவர் உறுப்பினர் எண்ணைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம், சுவரோவியமே போதுமான சான்று.

மியூனிக்கில் 1937 முதல் 1944 வரை நடந்த எட்டு "மாபெரும் ஜெர்மன் கலைக் கண்காட்சி"களின் படங்கள், விலை, வாங்கியவர் விவரங்கள் இணையத் தரவுத்தளமாக இருக்கின்றன. பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டலிலும் அங்கே தேடுங்கள். உங்கள் தாளின் படமும் அங்கே இருந்தால் அட்டையில் அது வந்தே ஆக வேண்டும்.

---

பிளாக்மேக்கர் பதில்:

எல்லைக்கோடு ஐயா சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. உழவர், ஏர், தாய்சேய் எல்லாம் வந்தாலே நாஜி என்று ஆகிவிடாது. துறவியாக இருந்தபோதே இந்தப் பொருள்களைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தார். ஆல்ப்ஸ் மலையோர மரச்செதுக்கில் இது வழக்கமான சரக்கு. தேதி தெரியாத தாளுக்கு 1938ஐ ஒட்டவைப்பது நேர்மையில்லை.

---

எல்லைக்கோடு பதில்:

சரிதான், படத்தின் தேதியை நாம் ஊகிக்கக்கூடாது. ஆனால் நான் சொல்வது படத்தைப் பற்றி மட்டுமில்லை. பொருள் மாறாமல் இருந்ததுதான் அவரை அந்த ஆட்சிக்கு வசதியான ஓவியராக்கியது. "ரத்தமும் மண்ணும்" என்று பேசிய நாஜிகளுக்கு அவர் பாணியைத் திருத்தவே தேவைப்படவில்லை. கோலிக்குக்குத் திருத்தம் தேவைப்பட்டது, அவர் சுவர் போயிற்று. அதனால் அட்டையில் இரண்டு வரி வேண்டும், ஒன்று தாளைப் பற்றி, ஒன்று ஆளைப் பற்றி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கோத்தால்தான் பொய்யாகும்.

---

மசித்தடம்:

மூவருக்கும் நன்றி. சோதித்துப் பார்த்ததில்: புள்ளி இல்லை, மை விளிம்பில் கரை கட்டியிருக்கிறது, கறுப்பில் ரேகை தெரிகிறது, கோட்டு முனைகள் கூராக முடிகின்றன. புற ஊதாவில் தாள் மந்தமாகவே இருக்கிறது. கையொப்பம் மினுங்குகிறது. கீழ் ஓரம் மட்டும் கத்தியால் வெட்டியது, மற்ற மூன்றும் நார் பிசிர் உள்ள இயல்பான ஓரம். வெட்டிய இடத்தில் இரண்டு இடங்களில் கறுப்பு மையின் துணுக்கு இருக்கிறது.

---

பிளாக்மேக்கர் பதில்:

அப்படியானால் கையொப்பத்துக்குக் கீழே அச்சில் ஏதோ இருந்திருக்கிறது, பிற்பாடு யாரோ வெட்டியிருக்கிறார்கள். அது பைபிள் வாசகமாக இருக்கலாம், வாழ்த்தாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். என்ன வாசகம் என்று ஊகிக்காதீர்கள், வெட்டப்பட்டது என்பதை மட்டும் எழுதுங்கள். இதே பலகையின் வெட்டாத தாள் வேறு சேகரிப்பில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். படப்பரப்பின் அளவை மி.மீ.யில் எடுத்து வைத்துக்கொண்டு தேடினால் சீக்கிரம் கிடைக்கும். தாள் அளவை வைத்துத் தேடினால் வெட்டிய தாளும் வெட்டாத தாளும் பொருந்தாது.

சட்டமிடும்போது அந்த வெட்டு ஓரத்தை அட்டைச் சட்டத்துக்குள் ஒளிக்க வேண்டாம், நான்கு ஓரமும் தெரிய மிதக்கவிடுங்கள். ஒட்டுவதற்குக் கோதுமை மாவுப் பசையும் ஜப்பான் தாள் துண்டும் போதும், செல்லோ டேப் கூடவே கூடாது, பசை தாளில் இறங்கிப் பழுப்பாகும். அமிலமற்ற அட்டை, ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், வெளிச்சம் 50 லக்ஸ், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து வைக்க வேண்டாம்.

---

எல்லைக்கோடு பதில்:

ஆஸ்திரியாவில் காட்டுவதாக இருந்தால் ஒரு சட்டக் குறிப்பு. 1960இன் சின்னங்கள் சட்டம் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடுக்கிறது. அச்சு நூலுக்கும் கண்காட்சிக்கும் விலக்கு உண்டு, ஆனால் அந்தக் கொள்கையைப் போற்றும் தொனி இருந்தால் விலக்கு செல்லாது. உங்கள் தாளில் சின்னம் எதுவும் இல்லை. 1938 ஃப்ரெஸ்கோவின் பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் மாட்டும் எண்ணம் இருந்தால் இது பொருந்தும். புகைப்படத்தை அலங்காரமாகப் பெரிதாக்காமல் அட்டை அளவில், விளக்கத்தோடு வைப்பது நல்லது.

---

மசித்தடம்:

அட்டை வாசகம் இப்படி வந்திருக்கிறது, குறை இருந்தால் சொல்லுங்கள்:

"ஸ்விட்பெர்ட் லோபிசர், 1878–1943. உழவர் குடும்பம். மரச்செதுக்கு, பென்சில் கையொப்பம், தேதி இல்லை. கீழ் ஓரம் பிற்காலத்தில் வெட்டப்பட்டிருக்கிறது, அங்கே அச்சிட்ட பகுதி ஒன்று இருந்ததற்கு மைத்தடம் எஞ்சியுள்ளது. துறவி ஓவியரான லோபிசர், கரிந்திய வாழ்க்கையையும் சமயப் பொருள்களையும் செதுக்கியவர். 1938இல் கிளாகன்ஃபுர்ட் லாண்ட்ஹவுஸில் ஜெர்மனியுடனான இணைப்பைப் போற்றும் ஃப்ரெஸ்கோவை வரைந்தார். அதே ஆண்டில் அதே கட்டடத்தில் ஆன்டன் கோலிக்கின் ஃப்ரெஸ்கோக்கள் அழிக்கப்பட்டன."

---

காரைக்கரணை பதில்:

ஒரு திருத்தம். "துறவி ஓவியரான" என்பதை எடுத்துவிடுங்கள், அதற்கு அடுத்த வாக்கியத்திலேயே 1938 வருகிறது. அப்போது அவர் மடத்தை விட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. "சங்க்ட் பவுல் மடத்தில் துறவியாக இருந்து, 1930களின் தொடக்கத்தில் வெளியேறியவர்" என்று போட்டால் போதும். இல்லாவிட்டால் படிப்பவர் காவியுடையோடு ஒருவர் சாரத்தில் ஏறி நிற்பதாக நினைப்பார்.

---

பிளாக்மேக்கர் பதில்:

பெனடிக்டின் துறவிக்குக் கறுப்பு அங்கி, ஐயா.